டிராம் போன தெருவில் ஒரு வீடு

2021 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஃபிட்ஸ் வந்தது. கண் விழித்தபோது குளியலறைத் தரையில் கிடந்தேன். என் கணவர் என் தலையை மடியில் தாங்கிக்கொண்டு 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கேன், இஇஜி எல்லாம் எடுத்தார்கள். மாத்திரையில் கட்டுப்பட்டுவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். கிளம்பும் நேரத்தில் நரம்பியல் டாக்டர் சொன்னார்: ஆறு மாதம் கார் ஓட்டக் கூடாது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் வர்ஜீனியா மாநிலத்தில் பொதுவாக அதுதான் விதி. நடுவில் மறுபடி வந்தால் கணக்கு முதலிலிருந்து.

மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்ததெல்லாம் நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான்.

மாநிலத் தலைநகர் என்றாலும் எங்கள் ரிச்மண்ட் பெரிய ஊர் இல்லை. நகர எல்லைக்குள் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 2.27 லட்சம் பேர், சுற்றுப்புறம் எல்லாம் சேர்த்தால் பதின்மூன்று லட்சம். நம் ஆட்களில் பெரும்பாலோர் மேற்கே, க்ளென் ஆலன், ஷார்ட் பம்ப் பக்கம் இருக்கிறார்கள். கோயில் அங்கே, இந்தியக் கடைகள் அங்கே, நல்ல பள்ளிக்கூடம் என்று பெயர் எடுத்தவையும் அங்கே. 2018-இல் வந்தபோது நாங்களும் வேறெதுவும் விசாரிக்காமல் க்ளென் ஆலனில், இன்ஸ்ப்ரூக் என்ற அலுவலக வளாகத்தின் அருகே ஓர் அபார்ட்மென்ட் எடுத்துவிட்டோம். நீச்சல் குளம், ஜிம், எதிரே வாத்துகள் திரியும் குட்டை. இவருடைய ஆபீஸ் மேற்கே பத்து நிமிடம். நான் வேலை பார்க்கும் ஆய்வகம் கிழக்கே டவுன்டவுனில், காரில் 22 நிமிடம். ஆளுக்கொரு கார் இருந்தவரை அந்த ஊர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கார் சாவியை எடுத்து வைத்த மூன்றாம் நாள் மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடை வெஸ்ட் பிராட் தெருவுக்கு அந்தப் பக்கம். எங்கள் பால்கனியில் நின்றால் அதன் பெயர்ப்பலகை தெரியும், நேர்கோட்டில் நானூறு மீட்டர் இருக்கும். அபார்ட்மென்ட் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நடைபாதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் சரிவான புல்தரை, மழைநீர்க் கால்வாய். சிக்னலை நோக்கி அந்தப் புல்லிலேயே நடந்தேன். ஒரு பிக்அப் லாரி மெதுவாகி நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, வண்டி நின்னுபோச்சா? உதவி வேணுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். அந்தச் சாலையில் ஒரு பெண் நடந்து போகிறாள் என்றால் அவள் கார் எங்கோ பழுதாகி நிற்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. சிக்னலில் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு தடம், அது போக இடது பக்கம் திரும்ப வேறு தனித் தடம். நடக்கச் சொல்லும் வெள்ளை மனிதன் எரிந்ததும் ஓடினேன். போகவர ஐம்பது நிமிடம் ஆனது.

பஸ் இல்லாமல் இல்லை. 2018-இலேயே 19-ஆம் எண் பஸ்ஸை ஷார்ட் பம்ப் வரை நீட்டியிருந்தார்கள். அதில் ஏறி வில்லோ லானில் இறங்கி, அங்கிருந்து பல்ஸ் என்னும் விரைவுப் பஸ்ஸைப் பிடித்தால் டவுன்டவுன் வந்துவிடலாம். 2020 மார்ச்சிலிருந்து டிக்கெட்டும் கிடையாது, ஏறி உட்கார வேண்டியதுதான். ஒரு வாரம் அப்படிப் போய்ப் பார்த்தேன். நிறுத்தம் வரை நடை, 19-க்குக் காத்திருப்பு, மாறி ஏறுவது எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம். அப்போது 19 அரை மணிக்கு ஒன்று. கண்ணெதிரே ஒன்று போய்விட்டால் மனசு விட்டுப்போகும். இரண்டாவது வாரத்திலிருந்து இவரே என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்ப மேற்கே ஓடினார். சாயங்காலமும் அதே கதை. முகம் கொடுத்துப் பேசக்கூட இருவருக்கும் தெம்பு இல்லாமல் போனது.

வீட்டை மாற்றுவது என்று முடிவெடுத்ததும் முதலில் லீஸ் பத்திரத்தைத்தான் எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போடும்போது படிக்காத பக்கத்தில் இருந்தது: முன்கூட்டியே காலி செய்தால் 60 நாள் நோட்டீஸ், அத்துடன் இரண்டு மாத வாடகை. இதைப் படிப்பவர்கள் அந்தப் பக்கத்தை மட்டுமாவது கையெழுத்துக்கு முன்னால் படித்துவிடுங்கள். நாங்கள் கட்டித்தான் வெளியே வந்தோம்.

வீடு தேடும் தளங்களில் ஒவ்வொரு முகவரிக்கும் நடக்க எவ்வளவு வசதி என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் அதைத்தான் நம்பினேன். கடை எவ்வளவு கிட்டே என்று அந்த எண் சொல்லும். கடைக்கு நடுவே என்ன ஓடுகிறது என்று சொல்லாது. எங்கள் பழைய வீட்டுக்கே அது ஒன்றும் மோசமான மதிப்பெண் தந்துவிடவில்லை. அதே மாதிரி, விளம்பரத்தில் "வில்லோ லானிலிருந்து 5 நிமிடம்" என்று போட்டிருந்த ஓர் இடத்தைப் பார்க்கப் போனேன். அமெரிக்காவில் ஐந்து நிமிடம் என்றால் காரில் ஐந்து நிமிடம். நடந்தால் நாற்பது.

வழி காட்டியது ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவர். ரிச்மண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் போனில் வரைபடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அதை மூடி வை. அந்தக் காலத்தில் டிராம் எங்கெல்லாம் போனதோ அங்கே தேடு" என்றார்.

எனக்கு அதுவரை தெரியாது: நகரம் முழுக்க உருப்படியாக ஓடிய முதல் மின்சார டிராம் இந்த ஊரில்தான் வந்தது. ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் 1888-இல் ஓட்டிக் காட்டினார். மேடும் பள்ளமுமான ஊர். குதிரைகள் திணறிய ஏற்றங்களில் மின்சார வண்டி ஏறியதைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களும் வாங்கின. அப்புறம் ஊர் டிராம் பாதையை ஒட்டியே வளர்ந்தது. டிராமில் வந்து இறங்குகிறவர் வீட்டுக்கு நடந்துதானே போக வேண்டும்? அதனால் மனைகள் குறுகல், வீடுகள் நெருக்கம், இறங்குகிற முனையில் நாலு கடை, எல்லாத் தெருவிலும் நடைபாதை. 1949-இல் டிராமை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போனாலும் தெருக்களின் அமைப்பு போகவில்லை. ஃபேன், மியூசியம் டிஸ்ட்ரிக்ட், கேரிடவுன், வடக்கே கின்டர் பார்க் எல்லாமே அப்படி வந்த இடங்கள்தான். இன்றைக்கும் அடிக்கடி பஸ் போவது பெரும்பாலும் இங்கேதான்.

கார் இல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லப்படும் ஊரில் வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த ஊரில் 1930-க்கு முன்னால் எழுந்த பகுதி எது என்று முதலில் விசாரியுங்கள். அமெரிக்காவில் ஓரளவு பழைய நடுத்தர ஊர் எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு துண்டு இருக்கும். அது சிறிய துண்டாகத்தான் இருக்கும், ஆனால் நமக்கு வேண்டியது ஒரே ஒரு வீடு.

அதற்கப்புறம் தேடல் சுருங்கிவிட்டது. ஒரு தாளில் வாரத்தில் நான் போகும் இடங்களை எழுதினேன். ஆய்வகம் ஐந்து முறை, மளிகை இரண்டு, மருந்துக்கடை மாதம் ஒன்று, டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒன்று, கோயில் மாதம் இரண்டு. ஐந்து முறை போகும் இடத்துக்கு மாறி ஏறாமல் ஒரே பஸ் வேண்டும். மளிகைக்கு நடை. கோயிலுக்கு யாராவது காரில் கூட்டிப் போகலாம், தப்பில்லை. எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்று அடம்பிடித்தால் எந்த வீடும் தேறாது.

பல்ஸ் பஸ் 2018 ஜூனில் வந்தது. பெரும்பாலும் பிராட் தெரு வழியாக, மேற்கே வில்லோ லானிலிருந்து கிழக்கே ராக்கெட்ஸ் லேண்டிங் வரை 7.6 மைல். வழியில் ஒரு பகுதியில் அதற்கென்றே தடம். அதே நாளில் மற்ற பஸ் வழிகளையும் மொத்தமாக மாற்றி வரைந்தார்கள். பல்ஸும், கேரிடவுனிலிருந்து டவுன்டவுன் போகும் 5-ஆம் எண்ணும் பகலில் பதினைந்து நிமிடத்துக்குள் ஒன்று என்ற கணக்கு. எனக்கு இந்தப் பதினைந்து நிமிடம்தான் கோடு. அதற்குள் என்றால் நேரம் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பலாம். அதற்கு மேல் போனால் பஸ்ஸுக்குத் தகுந்தாற்போல் நாம் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையையும் கடைசிப் பஸ் நேரத்தையும் தனியே பார்க்க வேண்டும். வார நாள் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

முதலில் பார்த்தது ஸ்காட்ஸ் அடிஷன். பழைய கிடங்குகளும் சிறு தொழிற்சாலைகளும் இருந்த இடம். இப்போது புது அபார்ட்மென்ட்களும் பீர் கடைகளும். பல்ஸ் நிறுத்தம் பக்கத்தில். வீடு பளபளவென்று இருந்தது, துவைக்கும் இயந்திரம்கூட உள்ளேயே. ஆனால் தெருவில் மரம் குறைவு. ரிச்மண்டில் ஜூலை வெயில் நம் ஊர் ஐப்பசிப் புழுக்கத்தோடு சித்திரை வெயிலையும் சேர்த்து ஊற்றியது மாதிரி இருக்கும். நிழல் இல்லாத ஐந்து நிமிடத்தைவிட நிழலோடு பன்னிரண்டு நிமிடம் நடப்பது எவ்வளவோ மேல். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்று பார்த்தோம். இசையும் கூச்சலும் கேட்டதும் இவர் ஒன்றுமே சொல்லாமல் காரைத் திருப்பினார்.

அடுத்து மியூசியம் டிஸ்ட்ரிக்டில், க்ரோவ் அவென்யூவை ஒட்டிய ஒரு தெருவில், 1920-களில் கட்டிய செங்கல் வீடு. அதை நாலு பங்காகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களுக்குக் காட்டியது மாடி. வாடகை பழைய வீட்டைவிட 60 டாலர் அதிகம், இடமோ முக்கால் பங்குதான். சென்ட்ரல் ஏசி கிடையாது, ஜன்னலில் மாட்டும் ஏசி. குளிருக்கு இரும்பு ரேடியேட்டர். துணி துவைக்க நிலவறைக்கு இறங்க வேண்டும், நாலு வீட்டுக்கும் பொது. சமையலறையில் புகைபோக்கி பேருக்குத்தான். தாளித்தால் கீழ்வீட்டுக்காரர் தும்முவார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"வேண்டாம்" என்று இவர் சொல்ல வாயெடுத்தார். நான் ஒரு சோதனை வைக்கலாம் என்றேன். கேரிடவுன் கடைக்கு நடந்து போய் ஒரு கேலன் பாலும் பத்து பவுண்ட் அரிசியும் வாங்கினோம். ஆளுக்கொரு பையாகத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசல் வரை நடந்தோம். ஒன்பது நிமிடம். வழியெல்லாம் ஓக் மரங்கள். செங்கல் பாவிய நடைபாதையை வேர்கள் அங்கங்கே தூக்கிவிட்டிருந்தன, பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். ஒரு பாட்டி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு கையசைத்தார். பிக்அப்பை நிறுத்தி யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இவர் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏசி என்ன விலை இருக்கும்?" என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கு, இன்னும் கையெழுத்துப் போடாத அந்த வீட்டு வாசலிலிருந்து ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தேன். பிராட் தெருவுக்கு நடை பதினான்கு நிமிடம், பல்ஸ் காத்திருப்பு ஆறு நிமிடம், பயணம் பதினைந்து. சாயங்காலம் இருட்டியபின் அதே வழியில் திரும்பினேன். விளக்கு எரியாத தெரு ஒன்று இருந்தது, அடுத்த தெரு வழியாகப் போனால் தப்பிக்கலாம். இதையெல்லாம் எந்த வரைபடமும் சொல்லாது.

பழைய வீடு எடுக்கிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் சுவரில் ஈயப் பெயின்ட் இருக்கக்கூடும். தனக்குத் தெரிந்ததை வீட்டுக்காரர் எழுத்தில் சொல்ல வேண்டும், ஒரு சிறு புத்தகமும் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். கைக்குழந்தை இருந்தால் ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் உரிகிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். வர்ஜீனியாவில் அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்தால் 45 நாளுக்குள் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். எங்களிடம் ஒரு புரோக்கர் மூன்று மாதம் கேட்டார். சட்டத்தைச் சொன்னதும் "அப்படியா" என்று இரண்டாக்கிவிட்டார்.

டிசம்பரில் குடிபோனோம். 2022 மார்ச்சில் ஆறு மாதம் முடிந்து கார் ஓட்ட அனுமதியும் வந்துவிட்டது. அதற்குள் எனக்கு அது தேவைப்படவில்லை. ஏப்ரலில் என் காரை விற்றோம். கடன் தவணை 310, இன்சூரன்ஸ் 95, பெட்ரோல் சுமார் 120 என்று மாதம் ஐந்நூறு டாலருக்கு மேல் மிச்சமானது. ரிப்பேரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. புதுக் கார் ஒன்றை வைத்திருக்க ஆண்டுக்குச் சராசரியாக 12,182 டாலர் ஆகிறது என்று ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2023-இல் கணக்குச் சொன்னது. 60 டாலர் கூடுதல் வாடகைக்கு யோசித்தவர்கள் நாங்கள்! வீட்டை ஒப்பிடும்போது வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வாடகையும் காரும் சேர்ந்துதான் விலை.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் மேற்கேதான் போக வேண்டும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போய்விடும். பனி பெய்தால் பக்கத்து வீட்டு மாணவர்கள் நடைபாதையைச் சுரண்டமாட்டார்கள். ஒரு ஜனவரியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. மடக்கும் தள்ளுவண்டி ஒன்று வாங்கினோம், அதன் சக்கரம் செங்கல் இடுக்கில் மாட்டிக்கொண்டு ஒரு டஜன் முட்டை போனது. பெரிய சக்கரம் உள்ளதாக வாங்குங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. டிராம் தெருக்களில் இன்று குடியிருப்பது எங்களைப்போல் காரும் வாங்க முடிந்தவர்கள். பஸ்ஸில் என்னோடு வரும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் சமையல்காரர்களும் வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கேயும் கிழக்கேயும் தள்ளிப் போய்விட்டார்கள். கறுப்பின மக்களின் ஜாக்சன் வார்டு என்ற அருமையான பகுதியை 1950-களில் நெடுஞ்சாலை போட்டே இரண்டாகப் பிளந்தார்கள். நடக்கத்தக்க வீடுகள் குறைவு என்பதால்தான் இந்த விலை. புதுக் கட்டடத்துக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை ரிச்மண்ட் நகர மன்றம் 2023 ஏப்ரலில் எடுத்துவிட்டது. அதனால் இப்படிப்பட்ட வீடுகள் கொஞ்சமாவது கூடும் என்று நம்புகிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019-இல் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா க்ளென் ஆலன் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் இருந்தார். ஊரில் தினமும் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் நடக்கிறவர். இங்கே பால்கனியில் உட்கார்ந்து கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல மனுஷங்களே இல்லையாடி?" என்று ஒருநாள் கேட்டார். மூன்றாம் மாதமே டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று இவரிடம் ரகசியமாகக் கேட்டதும் எனக்குப் பிறகு தெரிந்தது.

2023 கோடையில் மறுபடி வந்தார். எங்கள் தெருவிலிருந்து ஏழு நிமிட நடையில் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகம். அனுமதி இலவசம், வருஷத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும். தெற்காசியக் கூடத்தில் நம் பக்கத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. ஒரு தடவை கூட்டிப் போனேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வகத்திலிருந்து திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். சேலையும் ஸ்னீக்கர்ஸுமாக, கையில் கேரிடவுனில் வாங்கிய வெள்ளரிக்காய்ப் பையோடு, அம்மா நிதானமாக வந்துகொண்டிருந்தார்.

"எங்கம்மா போனே, சொல்லாமக்கூட?"

"கோயிலுக்குத்தான். செருப்பைக் கழட்டினேன், அங்க நிக்கிற பையன் போட்டுக்கச் சொல்லிட்டான்."